இடுபணியை ஒப்படைக்கும் முன்: தோட்டப்புற ஓவிய மாணவர்களுக்குக் கடைசி இரண்டு வாரத்துக்கான வழிகாட்டி

விளக்கச் சித்திரக்கலை டிப்ளோமாவில் முதல் பருவத்தை முடிக்கும் மாணவர்கள் பலர், கடைசி இரண்டு வாரத்தையும் படத்துக்கு மெருகேற்றுவதிலேயே கழித்துவிடுகிறார்கள். படத்துடன் சேர்த்துக் கொடுக்க வேண்டிய சிந்தனை மீட்சியை, அதாவது வேலையின்போது எப்படி யோசித்து முடிவெடுத்தோம் என்று சொல்லும் எழுத்தை, ஒப்படைக்கும் நாளுக்கு முந்திய இரவில் எழுதுகிறார்கள். "இந்தப் பணி எனக்கு மிகவும் பயனாக இருந்தது", "நேரத்தைச் சரியாகப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டேன்" என்ற வாக்கியங்கள்தாம் அதில் இருக்கும். அவற்றைப் படிக்கும் விரிவுரையாளருக்கு மாணவர் எப்படி யோசித்தார் என்று தெரியாது. எழுதிய மாணவருக்கும் தெரியாமலே போய்விடுகிறது. எனக்கு வருத்தம் தருவது இந்த இரண்டாவதுதான்.

நான் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் வளர்ந்து, இப்போது இறுதிப் பருவத்தில் இருக்கிறேன். படிப்பு விடுமுறையில் வீட்டுக்கு வந்து, இங்கேயே உட்கார்ந்து இடுபணியை முடித்து எடுத்துச் செல்வது என் வழக்கம். தோட்டப்புற ஊரில் இருப்பது இந்தப் படிப்புக்குத் தடை என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். நல்ல தாள் விற்கும் கடை பக்கத்தில் இல்லை, ஏ3 ஸ்கேனர் இல்லை என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் நீங்கள் வரைந்தது சரியா, தவறா என்று ஒரே பார்வையில் சொல்லக்கூடியவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள். கோலாலம்பூரில் இருக்கும் சக மாணவர் அவர்களைத் தேடிப் பஸ் ஏற வேண்டும்.

எடுத்துக்காட்டாக ஒரு பணியை வைத்துக்கொள்வோம்: ரப்பர்த் தோட்டத்தில் மரம் சீவும் (பால் வடியப் பட்டையைக் கத்தியால் சீவும்) பெண் ஒருவரின் காலைப்பொழுதை ஆறு படங்களில் சொல்ல வேண்டும். உங்கள் பணி வேறாக இருந்தாலும் வேலையின் வரிசை மாறாது.

முதல் படி: மதிப்பெண் பட்டியலைப் படியுங்கள்

பருவத் தொடக்கத்தில் கொடுத்த இடுபணித் தாளில் எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்று இருக்கும். அதை வெளியே எடுத்து, வரைவேட்டுக்கும் சிந்தனை மீட்சிக்கும் உரிய பங்கைச் சிவப்பு மையால் சுற்றி வையுங்கள். இறுதிப் படம் மட்டுமே மதிப்பிடப்படுகிறது என்ற எண்ணம் அங்கேயே போய்விடும்.

இன்னொரு கணக்கையும் மனத்தில் வையுங்கள். மலேசிய உயர்கல்வியில் ஒரு கிரெடிட் என்பது மாணவர் 40 மணி நேரம் கற்பதைக் குறிக்கிறது. மூன்று கிரெடிட் பாடம் என்றால் வகுப்பும் வீட்டு வேலையும் சேர்த்து 120 மணி நேரம். அந்த நேரத்தில் நீங்கள் என்னென்ன முடிவு செய்தீர்கள் என்பதைத்தான் சிந்தனை மீட்சியில் கேட்கிறார்கள்.

இரண்டாம் படி: எல்லாவற்றையும் தரையில் பரப்புங்கள்

முதல் கிறுக்கலிலிருந்து கடைசிப் படம் வரை அனைத்தையும் தேதி வரிசைப்படி தரையில் வையுங்கள். கட்டைவிரல் அளவில் போட்ட சிறு வரைவுகள், தூக்கியெறிய எடுத்து வைத்த தாள்கள், கைத்தொலைபேசியில் எடுத்த படங்களின் நகல்கள், நிறம் கலந்து பார்த்த துண்டுகள், விரிவுரையாளர் ஓரத்தில் எழுதித் தந்த குறிப்புகள் எல்லாமே வரிசையில் வர வேண்டும். கணினியில் மட்டும் வரைபவர்கள் பழைய பதிப்புகளைக் கறுப்பு வெள்ளையில் சிறிதாக அச்சிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். போட்டோஸ்டேட் கடையில் சில ரிங்கிட்டில் முடிந்துவிடும். திரையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிப் பார்க்கும்போது தெரியாத தாவல்கள், தரையில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும்போது தெரியும்.

நம் வீட்டுக் கூடங்கள் சிறியவை. வீட்டில் எல்லாரும் படுத்த பிறகு செய்யுங்கள், அல்லது கோயில் மண்டபத்தையோ பொது மண்டபத்தையோ ஒரு பிற்பகலுக்குக் கேட்டுப் பாருங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். பரப்பிய பிறகு நாற்காலியில் ஏறி நின்று, முழுவதும் தெரியும்படி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வரைவேடு எப்படி வளர்ந்தது என்பதைக் காட்ட அந்த ஒரு படமே இறுதிக் கோப்பில் பெரிதும் உதவும்.

மூன்றாம் படி: திருப்பங்களைத் தேடுங்கள்

பரப்பியவற்றில் எங்கே திசை மாறியது என்று பாருங்கள். முதல் ஐந்து வரைவுகளும் ஒரே மாதிரி இருந்து ஆறாவதில் எல்லாம் மாறியிருந்தால், ஆறாவதின் மேல் ஒரு சிறு தாளை ஒட்டி மூன்று செய்திகளை எழுதுங்கள்: என்ன மாறியது, எதனால் மாறியது, அந்த மாற்றம் மற்ற படங்களை என்ன செய்தது. மூன்றாவது கேள்விதான் கடினம். பெரும்பாலோர் முதல் இரண்டோடு நிறுத்திவிடுகிறார்கள்.

நம் எடுத்துக்காட்டில் முதல் வரைவுகளில் சூரியன் உதித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பொன்னிற வெளிச்சத்தில் பெண் புன்னகையுடன் மரத்தருகே நிற்கிறார். பிறகு, மரம் சீவும் வேலை விடியும் முன்பே தொடங்கிவிடும் என்பது நினைவுக்கு வருகிறது. வெயில் ஏற ஏற இலைகள் நீரை ஆவியாக்குவதால் பட்டைக்குள் அழுத்தம் குறைந்து பால் வடிவது மட்டுப்படும். அதனால்தான் இருட்டிலேயே நிரைக்கு, அதாவது தாம் சீவ வேண்டிய மர வரிசைக்கு, போகிறார்கள். எனவே படத்தை இருட்டுக்கு மாற்றுகிறீர்கள். ஒரே வெளிச்சம் நெற்றியில் கட்டிய விளக்கு. இங்கே ஒன்று நேர்கிறது. நெற்றி விளக்கு அணிந்தவரின் முகத்துக்கு வெளிச்சம் தராது. அவர் பார்க்கும் இடத்துக்குத்தான் தரும். முகம் நிழலுக்குள் போய், பட்டையும் கத்தியும் கையும் ஒளிக்குள் வந்துவிடுகின்றன. படத்தின் மையம் அவருடைய புன்னகையிலிருந்து அவருடைய கைத்திறனுக்கு நகர்ந்துவிட்டது. நிறங்களும் குறைந்துவிட்டன: ஆழ்ந்த நீலம், கறுப்பு, ஓர் ஒளிவட்டத்தின் மஞ்சள். ஆறு படங்களும் ஒன்றோடொன்று சேரத் தொடங்கியது இந்த ஒரு முடிவால்தான்.

இதை எழுதினால் உங்கள் சிந்தனை மீட்சியில் பாதி முடிந்தது. இப்படிப்பட்ட திருப்பங்கள் மூன்றோ நான்கோ போதும். பத்து எடுத்தால் எதைப் பற்றியும் ஆழமாகச் சொல்ல முடியாது.

அடுத்த பருவத்துக்கான ஒரு வார்த்தையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். செய்துகொண்டிருக்கும்போதே யோசிப்பது, செய்து முடித்த பிறகு யோசிப்பது என்று கல்வியாளர் டோனல்ட் ஷோன் 1983இல் இரண்டாகப் பிரித்துச் சொன்னார். வரைவேட்டின் ஓரத்தில் அன்றன்றைக்குத் தேதியோடு எழுதும் ஒற்றை வரிகள் முதல் வகை. அவை இருந்தால் இந்த மூன்றாம் படி ஒரு மாலையில் முடியும்.

நான்காம் படி: வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள்

இந்த வழிகாட்டியில் எதை விட்டாலும் இதை விட்டுவிடாதீர்கள். விரிவுரையாளர் உங்கள் கோட்டையும் கட்டமைப்பையும் திருத்துவார். அவர் மரம் சீவியவர் இல்லை. உங்கள் பாட்டியோ, பக்கத்து வீட்டு மாமாவோ சீவியிருப்பார். நம் ஊரைச் சுற்றிப் பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டதால், நம் வயதில் பலர் மரம் சீவுவதை நேரில் பார்த்ததே இல்லை. இணையத்தில் கிடைக்கும் நிழற்படங்களைப் பார்த்து வரைகிறோம். அவற்றில் சில இடம் வலமாகத் திருப்பப்பட்டவை.

திருப்புவதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கலாம். சீவிய கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ வேண்டும். சாய்வு ஏறத்தாழ 30 பாகை. பட்டைக்குள் ஓடும் பால்குழாய்கள் நேர் செங்குத்தாக ஏறாமல் சற்றே வலப்பக்கம் சாய்ந்து சுருளாக ஏறுகின்றன. இடது மேலிருந்து வலது கீழாகச் சீவினால் அதிகக் குழாய்கள் திறக்கும், பால் அதிகம் வரும். எதிர்ப்பக்கம் சாய்ந்த கோட்டைப் பார்த்ததும் மரம் சீவியவர் "இந்தக் கையால் ஒருநாளும் மரம் சீவியிருக்க மாட்டார்கள்" என்று சொல்லிவிடுவார். கணினியில் வரைபவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். கட்டமைப்பைச் சோதிக்கப் படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிப் பார்ப்பது நல்ல பழக்கம்தான். பார்த்த பிறகு மறக்காமல் பழைய நிலைக்கு மாற்றுங்கள்.

இதே போலக் கவனிக்க வேண்டியவை இன்னும் உண்டு. சீவும் நேரத்தில் மங்கு (பால் வடிந்து சேரும் கிண்ணம்) நிறைந்திருக்காது. முந்திய முறை கோட்டில் உறைந்துபோன ஒட்டுப்பாலை இழுத்தெடுத்த பிறகுதான் புதிதாகச் சீவுகிறார்கள். பால் வடிந்து சேரச் சில மணி நேரம் ஆகும், பிறகுதான் வாளியுடன் திரும்பி வந்து எடுக்கிறார்கள். எனவே இருட்டில் சீவும் படத்தில் வெள்ளைவெளேரென்று மங்கு நிறையப் பால் வரைந்தால் நேரம் குழம்பிவிடும். சீவுகிற கோட்டுக்கு மேலே இருப்பது ஏற்கெனவே சீவி ஆறிவரும் பட்டை, கீழே இருப்பது கத்தி படாத பட்டை. இரண்டுக்கும் ஒரே சொரசொரப்பைப் போடாதீர்கள். மரத்தின் மேல் மீன்முள் வடிவில் பல கோடுகள் வரைபவர்கள், அது ரப்பர்ப் பயிரின் தொடக்க காலத்தில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ரிட்லி பரப்பிய முறை என்பதைத் தெரிந்துகொண்டு வரையுங்கள். உங்கள் கதை அந்தக் காலத்தில் நடந்தால் பொருந்தும். ரப்பர் இலை ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகளாக இருக்கும், காய்க்கு மூன்று பிரிவு. நீண்ட கைச்சட்டை, தலைத்துணி, இடுப்பில் புகையும் கொசுவத்தி போன்றவற்றை நீங்கள் கேட்காமலே பாட்டி சொல்வார்.

கேட்கும் விதம் முக்கியம். "நன்றாக இருக்கிறதா பாட்டி?" என்று கேட்டால் "ரொம்ப அழகு, ஐயா" என்றுதான் பதில் வரும். பேரப்பிள்ளையின் படத்தை யார் குறை சொல்வார்கள்? அதற்குப் பதிலாக, தலைப்பையும் விளக்கத்தையும் கையால் மறைத்துக்கொண்டு, "இவர் இப்போது என்ன செய்கிறார்? அடுத்து என்ன செய்வார்?" என்று கேளுங்கள். உங்கள் மனத்தில் இருந்த பதில் வந்தால் படம் பேசுகிறது. வேறு பதில் வந்தால் அதை அப்படியே, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். சிந்தனை மீட்சியில் மேற்கோளாகச் சேர்க்கலாம். சேர்க்கும் முன் அவரிடம் அனுமதி கேளுங்கள். அவருடைய முகச்சாயலை வரைந்திருந்தாலும், நிழற்படம் எடுத்திருந்தாலும் அனுமதி வேண்டும். வீட்டு மனிதர்தானே என்று விட்டுவிடக் கூடாது.

பழைய காலத்தை வரைபவர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. சுங்கை சிப்புட் அருகிலுள்ள தோட்டங்களில் 1948 ஜூன் 16ஆம் நாள் மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டுகளின் தோட்டத்தை வரைந்தால் முள்வேலியும் காவலும் படத்துக்குள் வரும், பிளாஸ்டிக் வாளி வராது. ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் அதன் காலத்தைக் குறித்துச் சரிபாருங்கள். 1877இல் இங்கு கொண்டுவந்து நட்ட ரப்பர் மரங்களுள் ஒன்று பக்கத்திலுள்ள கோலகங்சாரில் இன்றும் நிற்கிறது. அடிமரத்தின் பருமனையும் பட்டையையும் பார்த்து வரைய வேண்டுமென்றால் அரை நாளில் போய் வந்துவிடலாம். கோயில் கோயிலாகச் சென்று சிற்பங்களின் முன் அமர்ந்து வரைந்த ஓவியர் சில்பியின் கோடுகளில் தெரியும் உறுதி, பொருளை நேரில் பார்த்த கண்ணிலிருந்து வந்தது.

ஐந்தாம் படி: எழுதுங்கள்

பல கல்லூரிகளில் கல்வியாளர் கிரஹாம் கிப்ஸ் 1988இல் வகுத்த ஆறு கட்டங்களைப் பின்பற்றச் சொல்வார்கள்: என்ன நடந்தது, என்ன உணர்ந்தேன், எது நன்றாக வந்தது எது வரவில்லை, ஏன் அப்படி ஆனது, இதிலிருந்து என்ன தெரிந்தது, அடுத்த முறை என்ன செய்வேன். ஆறுக்கும் சம இடம் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. "என்ன நடந்தது" என்பதைச் சில வரிகளில் முடித்து, "ஏன் அப்படி ஆனது" என்பதற்குப் பாதி இடத்தைக் கொடுங்கள். உணர்வைப் பற்றிய பகுதி சுருக்கமாக, உண்மையாக இருந்தால் போதும்.

இந்த இரண்டு பத்திகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

"மூன்றாவது படத்தில் நிறம் சரியாக வரவில்லை. பலமுறை முயன்று கடைசியில் வெற்றி பெற்றேன். இதனால் பொறுமையைக் கற்றேன்."

"மூன்றாவது படத்தில் விளக்கொளிக்கு எலுமிச்சை மஞ்சளைப் பயன்படுத்தியபோது, நீல இருட்டின் பக்கத்தில் அது பச்சையாகத் தெரிந்தது. பட்டை நோயுற்றது போல ஆகிவிட்டது. சிவப்புச் சாயல் உள்ள மஞ்சளுக்கு மாறிய பிறகு பட்டை பழுப்பாகவே நின்றது. ஆனால் முதல் இரண்டு படங்களிலும் விளக்கொளியை மாற்ற வேண்டியதாயிற்று. அடுத்த முறை ஒளியின் நிறத்தை எல்லாப் படங்களுக்கும் சேர்த்து முதலிலேயே சோதிப்பேன்."

இரண்டாவதை எழுதியவர் எதைக் கற்றார் என்று தனியாகச் சொல்லவே இல்லை. ஆனாலும் தெரிகிறது. அதில் வரும் ஒவ்வொரு செய்தியையும் வரைவேட்டில் சரிபார்க்கலாம். பத்தியின் முடிவில் வரைவேட்டுப் பக்க எண்ணைக் குறித்துவிடுங்கள்.

யாரைப் பார்த்துக் கற்றீர்கள் என்பதையும் இப்படியே எழுத வேண்டும். பேராக்கில் பிறந்த கார்ட்டூன் ஓவியர் லாட்டை நம்மில் பலருக்குப் பிடிக்கும். "லாட் என்னை ஈர்த்தார்" என்ற வரியால் பயன் இல்லை. நெரிசலான தெருக்காட்சியில்கூட ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை கொடுத்து வரைகிறாரே, அதைப் பார்த்து உங்கள் பெரட்டுக்களக் (தொழிலாளர்கள் காலையில் வேலைக்குக் கூடும் இடம்) காட்சியில் பின்னால் நிற்பவர்களுக்கும் தனித்தனிச் செய்கை கொடுத்தீர்களா? அதை எழுதுங்கள், எந்தப் படத்தில் என்றும் சொல்லுங்கள்.

சரியாக வராததை மறைக்காதீர்கள். ஐந்தாவது படம் மற்றவற்றைவிடப் பலவீனமாக இருப்பதை விரிவுரையாளர் எப்படியும் பார்ப்பார். காரணத்தை நீங்களே சொல்லி, இன்னும் ஒரு வாரம் கிடைத்தால் எதை மாற்றுவீர்கள் என்று எழுதினால் அது பலவீனத்தை அறிந்தவரின் படமாகிவிடும். பிறர் எடுத்த நிழற்படத்தைப் பார்த்து வரைந்தது, செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பயன்படுத்தியது ஆகியவற்றையும் கல்லூரி விதிப்படி வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள்.

ஆங்கிலத்திலோ மலாயிலோ ஒப்படைக்க வேண்டியிருந்தால், முதல் வரைவைத் தமிழில் எழுதிப் பாருங்கள். காரணம் தெளிவாக இல்லாத இடத்தில் தாய்மொழியில் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது கடினம். பிறகு அந்தக் கருத்துகளை வைத்துக்கொண்டு மற்ற மொழியில் புதிதாக எழுதுங்கள்.

ஆறாம் படி: ஸ்கேன், நிறம், கோப்பு

ஏ4 தாளை 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) ஸ்கேன் செய்தால் 2480க்கு 3508 பிக்சல் கிடைக்கும், அச்சுக்கு அது போதும். மைக்கோட்டு ஓவியமென்றால் 600 வையுங்கள். ஏ3 படத்தை ஏ4 ஸ்கேனரில் இரண்டு பாதிகளாக, நடுவில் கொஞ்சம் இரண்டிலும் வரும்படி எடுத்து இணைக்கலாம். ஸ்கேனரே கிடைக்காவிட்டால் காலையில் வாசல் கூரையின் நிழலில், நேர் வெயில் படாத இடத்தில் படத்தை வைத்து, கைத்தொலைபேசியைத் தாளுக்கு இணையாகப் பிடித்து, சற்றுத் தள்ளி நின்று எடுங்கள். ஒளிவிளக்கை அணைத்துவிடுங்கள், இருவகை ஒளி கலந்தால் தாளின் வெள்ளை மாறிவிடும்.

கோப்பின் நிறமுறை, திரையில் மட்டும் பார்ப்பதானால் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீல ஒளி), அச்சுக்குப் போவதானால் சிஎம்ஒய்கே (நான்கு அச்சு மைகள்). பளிச்சென்ற பச்சையும் ஆரஞ்சும் அச்சில் மங்கும் என்பதால் ஒரு பக்கத்தை முன்னதாக அச்சிட்டுப் பாருங்கள். விளிம்புவரை நிறம் போகும் பக்கங்களுக்கு நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக விடுங்கள், இல்லாவிட்டால் வெட்டும்போது வெள்ளைக் கீற்று தெரியும்.

ஏழாம் படி: ஈரமும் பயணமும்

நம் ஊர் ஈரக்காற்று தாளை நெளிய வைக்கும், பூஞ்சை பிடிக்க வைக்கும். முடித்த படங்களை நன்றாகக் காய்ந்த பிறகு ஒவ்வொன்றுக்கும் இடையில் வெள்ளைத் தாள் வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடி வையுங்கள். அலமாரியின் அடித்தட்டில் வைக்காதீர்கள். கனமாக நீர்வண்ணம் அல்லது குவாஷ் (ஒளி ஊடுருவாத நீர்வண்ணம்) பூசிய படத்தைச் சுருட்டாதீர்கள், வண்ணம் வெடிக்கும். இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவில் தட்டையாகக் கட்டி, அதற்கு மேல் இரண்டு உறை பிளாஸ்டிக் போடுங்கள். மோட்டார் சைக்கிளில் ஈப்போ வரை போவதானால் காலையிலேயே கிளம்புங்கள், மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் பிடிக்கும்.

எட்டாம் படி: ஒப்படைப்பதும் அதன் பிறகும்

இணையத்தில் பதிவேற்றுவதை முந்திய நாளே முடியுங்கள். தோட்டப் பக்கம் இணைப்பு எப்போது விழும் என்று சொல்ல முடியாது. பிடிஎஃப் கோப்பை வேறொருவரின் கைத்தொலைபேசியில் திறந்து பார்த்து, எழுத்துரு உடையாமல் இருக்கிறதா, பக்க வரிசை சரியா, சிந்தனை மீட்சியில் குறித்த வரைவேட்டுப் பக்க எண்கள் பொருந்துகின்றனவா என்று சோதியுங்கள். பதிவேறியதற்கான அறிவிப்பை ஸ்கிரீன்ஷாட்டாகப் பிடித்து வையுங்கள்.

நேர்முக விளக்கம் இருந்தால், மூன்றாம் படியில் ஒட்டிய சிறு தாள்களை எடுத்து ஓர் அட்டையில் வரிசையாக ஒட்டிக்கொண்டு செல்லுங்கள். "ஏன் முகத்தை இருட்டில் வைத்தீர்கள்?" என்ற கேள்வி வரும்போது வரைவேட்டின் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டிப் பதில் சொல்லலாம். படங்கள் மதிப்பெண்ணுடன் திரும்பி வந்த பிறகு விரிவுரையாளரின் குறிப்புகளை அதே அட்டையின் பின்புறம் எழுதி, அடுத்த பருவத்து வரைவேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.